நள்ளிரவில் படபடக்கும் இதயம்

"பூஜ்ய சுவாமிஜி அவர்களுக்கு நமஸ்காரம். மூன்று மாதங்களாக இரவு இரண்டு மணி அளவில் திடீரென விழிப்பு வருகிறது. இதயம் மார்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும் போலத் துடிக்கிறது. எழுந்து அமர்ந்து ஜபம் செய்கிறேன். சில நாள் அடங்குகிறது. சில நாள் இன்னும் அதிகமாகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஜபம் செய்து வருகிறேன். இது ஜபத்தினால் உண்டான சக்தியின் எழுச்சியா? ஜபத்தை அதிகப்படுத்தினால் சரியாகுமா? மருத்துவரிடம் செல்வது இறைவனிடத்தில் நம்பிக்கைக் குறைவாகுமா?"

மத்திய இந்தியாவில் உருக்காலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் இது. இதே மூன்று கேள்விகளை வெவ்வேறு சொற்களில் வேறு சில அன்பர்களும் கேட்டதுண்டு. ஆகவே உடலைப் பற்றி அறிவியல் கூறுவதையும், மனத்தைப் பற்றி நம் சாஸ்திரங்கள் கூறுவதையும் சேர்த்து வைத்து இக்கேள்விகளை ஆராய்வோம்.

அமைதி என்பது ஒரு செயல்

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இத்துடிப்பை எழுப்புவது இதயத்தின் வலது மேலறைச் சுவரில் அமைந்துள்ள ஒரு சிறிய திசுத்திரள். மூளையிலிருந்து வரும் நரம்புகள் அனைத்தும் அறுபட்டாலும் அது தானாகவே துடிக்கும். ஆனால் அப்போது நிமிடத்திற்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் நாடியோ பெரும்பாலும் 60 முதல் 80 வரையில்தான் இருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதயத்தின் வேகத்தை ஆள்வது தானியங்கு நரம்பு மண்டலம். இதற்கு இரு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்பு மண்டலம் ஆபத்திலும் உழைப்பிலும் இதயத்தை விரைவுபடுத்துகிறது. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் அதை நிதானப்படுத்துகிறது. இரண்டாவதன் முதன்மையான கருவி, மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, மார்பு, வயிறு என்று செல்லும் வேகஸ் நரம்பு. லத்தீன் மொழியில் அப்பெயருக்கு 'அலைந்து திரிவது' என்று பொருள். பரிவிராஜக சந்நியாசியைப் போல உடலெங்கும் சஞ்சரித்துச் சென்ற இடமெல்லாம் சாந்தியைத் தருகிறது என்று கொள்ளலாம்.

ஓய்வில் நம் நாடி 70 ஆக இருக்கிறது என்றால், வேகஸ் நரம்பு ஒவ்வொரு கணமும் இதயத்தை மெல்லப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். 1994-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையிலான குழுவினர் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தனர். இவ்வாறு பொருத்தப்படும் இதயத்தில் வேகஸ் நரம்பின் தொடர்பு அறுபட்டிருப்பதால், அதைப் பெற்றவர் அமைதியாகப் படுத்திருக்கும்போதும் நாடி பெரும்பாலும் 90-க்கு மேல் இருக்கும்.

வேகஸ் நரம்பு இதயத்தை எவ்வாறு அமைதிப்படுத்துகிறது என்பதைக் காட்டியவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லூவி. இரு தவளைகளின் இதயங்களை அவர் தனித்தனியே எடுத்து வைத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்புக் குறைந்தது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றதில் செலுத்தியபோது, நரம்பு தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் நிதானமடைந்தது. நரம்பு ஒரு பொருளைச் சுரந்தே இதயத்தோடு பேசுகிறது என்பது தெளிவாயிற்று. 1921-இல் வெளியான இந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1936-இல் அவர் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இச்சோதனையின் முறை தமக்கு நள்ளிரவு உறக்கத்தில் தோன்றியதாகவும், முதல் இரவில் எழுதி வைத்த குறிப்பைக் காலையில் படிக்க இயலாமற் போனதாகவும், மறு இரவு மூன்று மணிக்கு அக்கருத்து மீண்டும் தோன்றியதும் உடனே எழுந்து சோதனைச்சாலைக்குச் சென்றதாகவும் லூவி கூறியிருக்கிறார்.

அமைதி என்றால் ஒன்றும் நிகழாமல் இருப்பது என்று நாம் எண்ணுகிறோம். உடலைப் பொறுத்தவரை அமைதி என்பது இடையறாது நடைபெறும் ஒரு செயல் என்பதை இதயம் நமக்குக் கற்பிக்கிறது.

ஒரு கரம் வெல்வது சமநிலை ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பரிவு மண்டலம் ரஜோ குணம், எதிர்ப்பரிவு மண்டலம் சத்துவ குணம் என்றும், இவையே இடை, பிங்கலை நாடிகள் என்றும் சிலர் எளிதாகப் பொருத்திவிடுகின்றனர். யோக நூல்கள் கூறும் நாடிகள் தியானத்திற்காகச் சொல்லப்பட்டவை. மருத்துவர் அறுத்துக் காணும் நரம்புகள் வேறு. உவமையாகச் சொல்லலாமே தவிர, ஒன்றென்று கூறலாகாது.

மேலும், பரிவு மண்டலம் பகையன்று. படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் விழாமல் காப்பது அதுவே. வேகஸ் மட்டுமே ஓங்கினால் நாடி தளர்ந்து மயக்கம் வரும். இரத்தத்தைக் கண்டதும் சிலர் மயங்கி விழுவது இதனால்தான். இரு கரங்களும் காலமறிந்து செயற்படுவதே சமநிலை. உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவறிந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்குவதாக அமையும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் உணர்த்தும் கருத்து. உடலும் இதே நெறியில்தான் இயங்குகிறது.

இரவில் ஏன்?

பகலில் தோன்றாத படபடப்பு இரவில் ஏன் தோன்றுகிறது? காரணங்கள் பல, அவற்றுள் சில எளியவை. பகலின் ஓசைகளில் மறைந்திருந்த துடிப்பு இரவின் அமைதியில் கேட்கிறது. இடப்பக்கமாகப் படுக்கும்போது இதயம் மார்புச் சுவருக்கு நெருக்கமாக வருவதால் துடிப்பு அதிகமாக உணரப்படுகிறது. நாடி தளர்ந்திருக்கும் வேளையில், முறைக்கு முந்திய துடிப்பு ஒன்று இடையே எழுவதுண்டு. அதன்பின் ஒரு சிறு இடைவெளியும், அதையடுத்து வலுவான ஒரு துடிப்பும் வரும். 'இதயம் நின்று மீண்டும் அடித்தது' என்று பலர் கூறுவது பெரும்பாலும் இதனையே. இதயத்தில் வேறு நோய் இல்லாதவர்களுக்கு இது பொதுவாகத் தீங்கற்றது.

உறக்கமும் ஒரே சீரானதன்று. ஆழ்ந்த உறக்கத்தில் வேகஸ் ஓங்கியிருக்கிறது. கனவு மிகுந்த உறக்கத்தில் பரிவு மண்டலம் இடையிடையே எழுச்சி கொள்கிறது. இவ்வகை உறக்கம் இரவின் பிற்பாதியில்தான் அதிகம். பின்னிரவில் விழிப்பவரின் இதயம் விரைந்து துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு சில காரணங்களைக் கவனிக்காமல் விடலாகாது. தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குதல், இரத்த சோகை, காய்ச்சல் ஆகியவை இதயத்தை விரைவுபடுத்தும். ஆஸ்துமாவிற்கும் மூக்கடைப்பிற்கும் உட்கொள்ளும் சில மருந்துகளும் அவ்வாறே. காபியின் காஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எனவே மாலை ஐந்து மணிக்குப் பருகிய காபி இரவு பத்து மணிக்கும் பாதி உடலில் இருக்கக்கூடும். உரத்த குறட்டையுடன் உறங்குபவர்களில் சிலருக்கு உறக்கத்தில் மூச்சு பலமுறை நின்று நின்று வருகிறது. ஒவ்வொரு முறையும் உடல் பதறி எழுவதால் இதயம் விரைகிறது. பகலில் ஓயாத தூக்கக் கலக்கம் இதன் மற்றோர் அறிகுறி.

நீரிழிவிற்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்ளும் அன்பர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்: ஏகாதசி முதலிய நாட்களில் உபவாசம் இருந்து, மருந்தை மட்டும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டால், இரவில் சர்க்கரை ஆபத்தான அளவிற்குக் குறையலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். அவ்வேளையில் உடனே சர்க்கரையோ இனிப்பு நீரோ கொள்ளவேண்டும். உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது விரதத்திற்குப் பங்கமாகாது.

கயிறு, பாம்பு, விளக்கு

அந்தி வேளையில் கயிற்றைக் கண்டு பாம்பென அஞ்சும் உவமை வேதாந்த மாணவர் அனைவரும் அறிந்தது. அதில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்றுண்டு. பாம்பு பொய், ஆனால் அஞ்சியவனின் வியர்வை மெய். அவனது இதயம் உண்மையாகவே விரைகிறது. இல்லாத பாம்பிற்காக இருக்கின்ற உடல் போருக்குத் தயாராகிவிடுகிறது.

இரவுப் படபடப்பிலும் இவ்வாறே நிகழ்கிறது. ஒரு துடிப்பு தவறுகிறது; 'எனக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று மனம் அஞ்சுகிறது; அச்சத்தினால் அட்ரினலின் சுரக்கிறது; அதனால் துடிப்பு மேலும் விரைகிறது; விரைவைக் கண்டு அச்சம் பெருகுகிறது. காரணம் காரியமாகவும் காரியம் காரணமாகவும் மாறிச் சுழலும் சக்கரம் இது.

இச்சக்கரத்தை எங்கே நிறுத்துவது? உவமையிலேயே விடை இருக்கிறது. கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு வேதாந்தம் தடியைத் தரவில்லை, மந்திரத்தைத் தரவில்லை, 'தைரியமாக இரு' என்றும் சொல்லவில்லை. விளக்கைக் கொண்டுவரச் சொல்கிறது. நம் விஷயத்தில் அந்த விளக்கு மருத்துவப் பரிசோதனை. ஓர் இ.சி.ஜி., இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பொட்டாசியம் அளவுகள், தேவையெனில் 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி ஆகியவற்றால் பெரும்பாலான ஐயங்கள் தெளிவாகும். விளக்கு கயிற்றைக் காட்டினால் அச்சம் வேரறும். சில வேளைகளில் விளக்கு உண்மையான பாம்பையே காட்டலாம். அப்போது அது உயிரையே காக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் நோய்களுள் சில இரவிலேயே தலைகாட்டுகின்றன. அவற்றிற்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு.

படபடப்புடன் மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எதுவேனும் சேர்ந்தால் காலைவரை காத்திருக்கலாகாது. நடக்கும்போதோ உழைக்கும்போதோ படபடப்பு எழுதல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருத்தல், முன்பே இதய நோய் இருத்தல் ஆகியவையும் தாமதிக்கக் கூடாத நிலைகள்.

உடலின் ஒவ்வோர் அசைவையும் குண்டலினியின் எழுச்சி என்று கொள்வது சாதகர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து. ஆன்மிக முன்னேற்றத்தின் அடையாளங்கள் எவை? கோபம் குறைதல், பிறர் துன்பத்தில் இரங்குதல், ஆசைகள் மெலிதல், இறைவனிடத்தில் அன்பு வளர்தல். நாடியின் வேகம் இப்பட்டியலில் இல்லை. நோயை அனுபூதி என்று மயங்கிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர், சாதனைக்கு வாய்த்த உடலாகிய கருவியை இழக்க நேரிடும்.

மூச்சு என்னும் வாயில்

மன உறுதியால் இதயத்தை நேரடியாக ஆள முடியுமா? வெங்கர், பாக்சி என்னும் ஆய்வாளர்கள் எய்ம்ஸைச் சேர்ந்த பி.கே. ஆனந்துடன் இணைந்து, இதயத்தையோ நாடியையோ கட்டுப்படுத்த வல்லவர் எனப்பட்ட நான்கு யோகிகளை இந்தியாவில் ஆராய்ந்தனர். 1961-இல் வெளியான அவர்களது முடிவு சிந்தனைக்குரியது. மூவர் மூச்சை அடக்கி, மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கியபோது நாடி மறைந்தது. ஆனால் கருவியின் பதிவில் இதயம் துடித்துக்கொண்டேயிருந்தது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்ததே நாடி மறைந்ததற்குக் காரணம். நான்காமவர் மட்டும் துடிப்பை உண்மையாகவே வெகுவாகக் குறைத்துக் காட்டினார். அவரும் தசைகளின் வழியாகவே அதைச் செய்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நாம் ஆணையிட்டு இதயம் கேட்பதில்லை. ஆனால் அதனருகே ஒரு வாயில் இருக்கிறது, அது மூச்சு. நாம் நினையாதபோது தானே நடப்பதும், நினைத்தபோது நம் விருப்பப்படி நடப்பதும் அதன் இயல்பு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது வேகஸ் ஓங்கி இதயம் நிதானமடைகிறது. ஆகவே வெளிமூச்சு நீளும்போது அமைதியும் நீள்கிறது.

2001-இல் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டி முதலியோர் ஆரோக்கியமான 23 பேரிடம் நடத்திய ஆய்வும் இங்கே கருதத்தக்கது. கத்தோலிக்கரின் ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீனில் சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் பௌத்த மந்திரத்தைச் சொன்னபோதும், மூச்சு இயல்பாகவே நிமிடத்திற்கு ஆறு அளவிற்குக் குறைந்தது. இரத்த அழுத்தத்திற்கேற்ப இதயம் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறனும் அதிகரித்தது. இதைக்கொண்டு ஜபம் இதய நோய்க்கு மருந்து என்று கூறலாகாது. நிதானமாகச் செய்யும் ஜபத்தோடு உடலும் இசைந்து வருகிறது என்ற அளவில் கொள்வதே நேர்மை.

காவலா, சாட்சியா?

எனினும் நம் அன்பருக்குச் சில நாள் ஜபத்தினால் படபடப்பு அதிகமானதேன்? 'அடங்கிவிட்டதா, அடங்கிவிட்டதா' என்று பார்த்துக்கொண்டே ஜபித்ததுதான் காரணம். நாவில் நாமம் இருந்தது. மனம் நாடியின்மேல் இருந்தது. அவர் தம் இதயத்திற்குத் தாமே காவல்காரராகிவிட்டார்.

காவல்காரனும் பார்க்கிறான், சாட்சியும் பார்க்கிறான். காவல்காரன் அச்சத்தோடு பார்க்கிறான். ஒவ்வோர் ஓசையும் அவனுக்குத் திருடனின் காலடி. சாட்சியோ விளைவைப் பற்றிய கவலையின்றிப் பார்க்கிறான். 'துடிப்பு விரைகிறது' என்று அறிபவனுக்கும், 'நான் போய்விடுவேனோ' என்று பதறுபவனுக்கும் இடையிலுள்ள தூரமே சாதனையின் தூரம்.

பிரச்ன உபநிஷதத்தில் நான்காவதாக வரும் கேள்வி இதைப் பற்றியதே. மனிதனுள் உறங்குபவை எவை, விழித்திருப்பவை எவை என்று மாணவர் வினவுகிறார். புலன்கள் யாவும் ஒடுங்கிய பின்னும் இந்த உடலாகிய நகரத்தில் பிராணனாகிய அக்கினிகள் விழித்திருக்கின்றன என்பது குருவின் விடை. நாம் பிறந்த நாள் முதல் ஒவ்வோர் இரவும் நம்மைக் கேளாமலே இக்காவல் நடந்து வருகிறது. நாம் உறங்கினால் இதயம் நின்றுவிடுமோ என்று விழித்திருப்பது, கோயிலில் தூண்டாமணி விளக்கு எரியும்போது நாம் அகலைக் கையில் ஏந்தி நிற்பது போன்றது. காவல் நம்முடையதன்று என்று அறிந்து ஒப்படைப்பதே இங்கு சரணாகதி. மருத்துவரிடம் காட்டிய பிறகே இச்சரணாகதி முழுமை பெறும். காட்டாமல் விட்டால் அது வெறும் அசட்டை.

சாதகர்களுக்குச் சில குறிப்புகள்

1. படபடப்போடு விழித்தால் அவசரப்படாமல் எழுந்து அமருங்கள். இடப்பக்கம் படுத்திருந்தால் நிலையை மாற்றுங்கள். சிறிது நீர் பருகுங்கள்.

2. ஒரே ஒரு முறை, அரை நிமிடம் நாடியை எண்ணி, நேரத்தோடு குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது உதவும். மீண்டும் மீண்டும் எண்ணாதீர்கள்.

3. மூச்சை அடக்காமல் மெல்ல உள்ளிழுத்து, அதைவிடச் சற்று நீளமாக வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். படபடப்பு உள்ளவர்கள் கும்பகத்தையும் வேகமான பிராணாயாமங்களையும் தவிர்க்கவேண்டும்.

4. நாமத்தை இறைவனுக்காகச் சொல்லுங்கள். துடிப்பை அடக்குவதற்காகச் சொல்லாதீர்கள்.

5. இரவு உணவு எளிதாகவும், உறங்குவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பாகவும் இருக்கட்டும். நண்பகலுக்குப் பின் காபியை விடுங்கள். உறங்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும்.

6. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

கடிதத்தின் மறுபாதி

மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமாக விடை எழுதினோம். சக்தியின் எழுச்சி என்று கொள்ளவேண்டாம். ஜபத்தை அதிகப்படுத்த வேண்டாம், ஆழப்படுத்துங்கள். மருத்துவரிடம் செல்வது நம்பிக்கைக் குறைவன்று. விளக்கைத் தந்தவனும் இறைவனே.

இரு மாதங்களுக்குப் பின் அன்பரிடமிருந்து மறுமொழி வந்தது. பரிசோதனையில் தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குவது தெரியவந்ததாம். மருந்தினால் நாடி சீரடைந்துவிட்டது. ஆனால் பழக்கத்தினால் இரவு இரண்டு மணி விழிப்பு மட்டும் சில நாள் தொடர்ந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் எழுதியிருந்தார்: "இப்போதும் சில இரவுகளில் விழிப்பு வருகிறது, சுவாமிஜி. முன்பு கைக்கடிகாரத்தைத் தேடுவேன். இப்போது, எனக்கு முன்பே விழித்திருக்கும் ஒருவன் இருக்கிறான் என்ற நினைவு வருகிறது. நாமம் சொல்லிக்கொண்டே எப்போது உறங்கினேன் என்பது தெரிவதில்லை."

உறக்கத்திலும் உறங்காது நம்மைக் காக்கும் இறைவன் அனைவருக்கும் உடல் நலத்தையும் உள்ளத் தெளிவையும் அருள்வானாக.